கேப் கோஸ்ட், எல்மினா: கானாவின் அடிமைக் கோட்டைகளுக்குப் போகிறவர்கள் ஆற்றிலிருந்து தொடங்குங்கள்

கானாவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: கேப் கோஸ்ட் கோட்டையைப் பார்ப்பதா, எல்மினா கோட்டையைப் பார்ப்பதா? இரண்டுக்கும் நடுவே சுமார் 13 கிலோமீட்டர்தான். என்னைக் கேட்டால் இரண்டையும் பாருங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். அதைவிட முக்கியம், இரண்டுக்கும் முன்னால் அசின் மான்சோ என்ற ஊருக்குப் போய் அங்கே இருக்கிற சின்ன ஆற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். அடிமைகளாக விற்கப்படப் பிடிபட்டவர்கள் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கித்தான் நடத்தி வரப்பட்டு, கப்பலேறும் வரை இந்தக் கோட்டைகளில் அடைக்கப்பட்டார்கள். நாமும் அதே திசையில் வந்தால் கோட்டை நமக்கு வேறு மாதிரி புரிகிறது, நேராகக் கோட்டைக்குப் போகிறவர்களுக்கு அது அவ்வளவாகப் புரிவதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

முதல் விதம் தலைநகர் அக்ராவிலிருந்து புறப்படும் ஒருநாள் சுற்றுலா. பெயர் வேண்டாம், இந்த மாதிரி வண்டி விடுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். காலையில் இருட்டோடு கிளம்பி, காகும் காட்டில் மரங்களுக்கு மேலே கட்டிய தொங்குபாலத்தில் நடந்து, மதியம் கேப் கோஸ்ட், மாலை எல்மினா, ராத்திரி அக்ரா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அக்ராவிலிருந்து கேப் கோஸ்ட் 150 கிலோமீட்டர் போல இருக்கும், நகரத்தை விட்டு வெளியே வருவதற்கே சில நாள் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. அதனால் கோட்டைக்குள் நுழையும்போதே எங்களை அழைத்து வந்தவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தொங்குபாலத்தில் கூச்சல் போட்டுச் சிரித்துவிட்டு வந்த கூட்டம் அதே உற்சாகத்தோடு நிலவறைக்குள் இறங்கியது. ஒருவர் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார், இன்னொருவர் சாப்பாடு எப்போது என்று கேட்டார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அப்படித்தான் அந்த நாளே கோக்கப்பட்டிருந்தது. ஆனால் மனிதர்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்ட ஓர் இடத்தை இப்படிப் போகிற வழியில் எட்டிப் பார்க்க வைப்பது சரியில்லை. பணம் கொடுத்த எல்லாருக்கும் அது நஷ்டம்.

அதனால் பிறகு தனியாகப் போய், கேப் கோஸ்ட் ஊரிலேயே தங்கி, நிதானமாகப் பார்த்தேன். இனி சொல்லப்போவது அதைப் பற்றி.

அசின் மான்சோ கேப் கோஸ்டிலிருந்து வடக்கே குமாசி போகிற சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. வடக்கிலிருந்து வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், சங்கிலியிலும் கயிற்றிலும் பிணைக்கப்பட்டு நடந்து வந்தவர்களுக்கு இங்கேதான் கடைசிக் குளியல். அது இரக்கத்தால் நடந்த குளியல் இல்லை. புழுதியைக் கழுவி, உடம்பில் எண்ணெய் தடவி, பார்க்கத் தெம்பாகத் தெரிய வைத்தால் கடற்கரையில் விலை கூடும், அதற்காக. வழிகாட்டி செருப்பைக் கழற்றச் சொல்கிறார், வெறுங்காலோடு ஆற்றுக்கு இறங்குகிறோம். ஆறு என்று சொன்னாலும் அகலம் குறைவுதான், தண்ணீர் கலங்கலாக மெதுவாகப் போகிறது. காலில் கல் குத்துகிற அந்தக் கொஞ்ச தூரத்துக்கே நாம் பார்த்துப் பார்த்து அடி வைக்கிறோம்.

இங்கே இரண்டு கல்லறைகள் இருக்கின்றன, அவற்றின் அருகே நின்று பார்க்காமல் வராதீர்கள். 1998-இல், அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் அடிமைப்படுத்தப்பட்டு அங்கேயே இறந்த இரண்டு பேரின் எச்சங்களைத் திரும்பக் கொண்டுவந்து இங்கே புதைத்தார்கள். ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கார்சன், இன்னொருவர் ஜமைக்காவிலிருந்து வந்த, கிறிஸ்டல் என்று அழைக்கப்படுகிற பெண். இவர்கள் எந்த வழியாகக் கானாவுக்குள் கொண்டுவரப்பட்டார்கள் என்பது கேப் கோஸ்ட் போனதும் தெரியும்.

இனி கோட்டை. கேப் கோஸ்ட் கோட்டை கடலை ஒட்டிய பாறை மேல் இருக்கிறது. 1653-இல் ஸ்வீடன்காரர்கள் போட்ட சின்னக் கோட்டை, டேனிஷ்காரர், டச்சுக்காரர் என்று கை மாறி, 1664-இல் ஆங்கிலேயர்களிடம் வந்து, அப்புறம் அவர்களிடமே தங்கிவிட்டது. 1877-இல் தலைநகரை அக்ராவுக்கு மாற்றும் வரை கோல்ட் கோஸ்ட் என்று அவர்கள் அழைத்த இந்த நாட்டை ஆண்டதே இங்கிருந்துதான். முற்றத்தில் நின்றால் வெள்ளைச் சுவர், கடலைப் பார்த்து வரிசையாக பீரங்கிகள், நல்ல காற்று. அழகாக இருக்கிறது என்று மனசுக்குள் தோன்றும், தோன்றியதும் ஒரு மாதிரி சங்கடமாகவும் இருக்கும். எனக்கு இருந்தது.

ஆண்களை அடைத்த நிலவறைக்குச் சரிவாக இறங்குகிற ஒரு பாதை வழியே போக வேண்டும். உள்ளே வரிசையாக ஐந்து அறைகள். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கூரையை ஒட்டி எட்டாத உயரத்தில் சின்னத் திறப்பு, அவ்வளவுதான். ஒரே சமயத்தில் 1000 ஆண்கள் வரை இங்கே இருந்திருக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னார், கப்பல் வரும் வரை வாரங்கள், சில நேரம் மூன்று மாதம் வரை. அப்புறம் தரையைக் காட்டினார். தரையில் நீளமாகக் கழிவு போக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. அது போதவில்லை. கழிவும் இரத்தமும் சோறும் தூசியும் சேர்ந்து வருடக்கணக்கில் இறுகித் தரைக்கு மேல் இன்னொரு தரையே உருவாகிவிட்டது. பிற்பாடு அகழ்ந்தபோது ஓர் இடத்தில் சுரண்டி எடுத்துக் கீழே இருக்கிற செங்கல்லை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள், மற்ற இடங்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதாவது நாம் நிற்கிறோமே, அந்தக் கறுத்த மெத்தென்ற தரை, அது கல் இல்லை. இதை அவர் சொன்ன பிறகு யாருக்கும் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் விளக்கை அணைத்தார். பக்கத்தில் நிற்கிறவர் மூச்சு விடுவது கேட்டது.

அதே நிலவறைக்கு நேர் மேலேதான் கோட்டையின் தேவாலயம் இருந்தது. இது எல்லாப் பயணக் குறிப்பிலும் வருகிற செய்திதான், நானும் படித்திருந்தேன். ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதும், பிறகு மேலே ஏறி அந்த இடத்தில் நிற்பதும் படிப்பதுபோல் இருப்பதில்லை, நடுவில் ஒரு தளம்தான்.

இந்த இடத்தில் பெரும்பாலான வழிகாட்டிகள் வேகமாகக் கடந்து போகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். முற்றத்தில் சில கல்லறைகள் இருக்கின்றன. அதில் ஒன்று பிலிப் குவாக்கு என்பவருடையது. இதே ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். சிறுவனாக இருந்தபோது 1754-இல் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்டு, 1765-இல் ஆங்கிலத் திருச்சபையில் குருவாக அபிஷேகம் பெற்று, அப்படிக் குருவான முதல் ஆப்பிரிக்கர் என்ற பெயரோடு 1766-இல் திரும்பி வந்தார். 1816-இல் இறக்கும் வரை ஐம்பது ஆண்டுகள் இந்தக் கோட்டையின் குருவாக இருந்தார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அந்த ஐம்பதில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கீழே மனிதர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர் என்ன நினைத்துக்கொண்டு பிரசங்கம் செய்திருப்பார்? நான் அந்தக் கல்லறை முன் நின்றதுதான் அதிக நேரம். வழிகாட்டி முன்னால் போய்விட்டால் கூப்பிட்டு நிறுத்துங்கள், கேளுங்கள். நான் கேட்டதும் எங்கள் வழிகாட்டி திரும்பி வந்து பொறுமையாகச் சொன்னார்.

இன்னொரு பெயரும் மனதில் இருக்கட்டும்: ஒட்டோபா குகோவானோ. இந்தக் கோட்டையிலிருந்து அதிக தூரம் இல்லாத அஜுமாகோவில் பிறந்தவர். 1770 வாக்கில், பதின்மூன்று வயதுப் பையனாக, மற்றப் பிள்ளைகளோடு இருந்தபோது பிடித்துக் கொண்டுவரப்பட்டார். இங்கிருந்து கரீபியனில் உள்ள கிரெனடாவுக்கு அனுப்பப்பட்டு, பிறகு இங்கிலாந்து போய் விடுதலையாகி, 1787-இல் அடிமை வணிகத்தையே ஒழிக்க வேண்டும் என்று புத்தகம் எழுதினார். தன்னைக் கொண்டுவந்தவனுக்குக் கிடைத்த விலையையும் அதில் எழுதியிருக்கிறார்: ஒரு துப்பாக்கி, ஒரு துண்டுத் துணி, கொஞ்சம் ஈயம். அந்தத் துணி என்ற சொல்லை நம்மவர்கள் சும்மா கடந்து போகக் கூடாது. ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த சரக்கில் பருத்தித் துணிக்குப் பெரிய இடம். அதில் கணிசமான பங்கு இந்தியத் துணி, சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் போட்ட நீலத் துணிகளும் அதில் உண்டு. நெய்தவருக்கு அது எங்கே போகிறது, எதற்கு ஈடாகப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் இது முழுக்க எங்கோ இரண்டு கண்டங்களுக்கு நடுவே நடந்த கதை, நமக்கும் இதற்கும் ஒட்டில்லை என்று அங்கே நிற்கும்போது என்னால் நினைக்க முடியவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒருவர், கொஞ்சம் தயங்கித்தான், அந்தக் கேள்வியைக் கேட்டார்: உங்கள் ஆட்களே பிடித்து விற்றார்களாமே? வழிகாட்டி முகம் சுளிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. ஆமாம் என்றார். உள்நாட்டில் வலுவாக இருந்த அசாந்தி அரசின் போர்களில் பிடிபட்டவர்கள், கடற்கரையில் தரகு பார்த்த, அந்தக் கரையின் மக்களான ஃபாந்தி வியாபாரிகள், ஆள் கடத்தியே பிழைத்தவர்கள் எல்லாரையும் சொன்னார். கூடவே இதையும் சொன்னார்: ஆளைக் கொடுத்தால் துப்பாக்கி, துப்பாக்கி இல்லாவிட்டால் பக்கத்து அரசு உன் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகும் என்ற நிலைமையைக் கப்பல்காரர்கள் வந்து உண்டாக்கினார்கள், அது ஒருமுறை சுழல ஆரம்பித்தால் நிற்காது. இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிற வழிகாட்டி கிடைத்தால் அந்த ஒரு மணி நேரம் மறக்காது. இந்த இடத்தின் தரம் பெரும்பகுதி வழிகாட்டியின் தரம்தான். கூட்டம் குறைவான காலை நேரத்தில் போனால் அவர்களுக்கும் நின்று பேச அவகாசம் இருக்கிறது.

கோட்டையின் அருங்காட்சியகத்தைக் கடைசியில் பாருங்கள், முதலில் பார்த்தால் எண்கள் எண்களாகவே போய்விடும். எண்கள் இவைதான்: அட்லாண்டிக் முழுவதிலும் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் பேர், உயிரோடு கரை சேர்ந்தவர்கள் 1 கோடியே 7 லட்சம் போல. மிச்சம் கடலில். அதில் இப்போதைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் இருக்கிற பகுதிக்கு நேராகப் போனவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு, பிரேசிலுக்குப் போனவர்கள் மட்டும் 48 லட்சம் அளவில். அமெரிக்கக் கதைகளை மட்டுமே கேட்டு வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய திருத்தம்.

கோட்டையில் கடலைப் பார்த்த வாசலுக்குத் திரும்பி வர முடியாத வாசல் என்று பெயர். பெரிய மரக்கதவு, அதன் வழியாகத்தான் கப்பலுக்கு. கப்பல் ஆழத்தில் நிற்கும், இங்கிருந்து படகில் அலை தாண்டிக் கொண்டுபோவார்கள். வழிகாட்டி கதவைத் திறந்ததும் வெளியே கண் கூசுகிற வெயில், மீன்பிடிப் படகுகள், வலை பிரிக்கிறவர்கள், பந்து விளையாடும் பிள்ளைகள், மீன் வாடை. இன்றைக்கு ஃபாந்தி மீனவர்கள் பிழைக்கிற கடற்கரை அது, முழு இரைச்சலோடு இருக்கிறது. வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் அதே கதவுக்கு மேலே மறுபக்கம், திரும்பி வரும் வாசல் என்று எழுதியிருக்கிறது. முன்னே சொன்னேனே, சாமுவேல் கார்சன், கிறிஸ்டல், அவர்கள் இருவரையும் 1998-இல் கடல் வழியாகக் கொண்டுவந்து இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே எடுத்து வந்தார்கள், பிறகுதான் அசின் மான்சோ ஆற்றங்கரைக்கு. ஆற்றை முதலில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த இடத்தில் வேறு விளக்கமே தேவைப்படாது. எங்களோடு வந்த, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் உள்ளே திரும்பி நுழையும்போது கையைக் கோத்துக்கொண்டு நின்றது. நாங்கள் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

எல்மினாவுக்கு மறுநாள் போங்கள். கட்டடம் என்று பார்த்தால் இதுதான் பெரியது, பழையது: 1482-இல் போர்த்துகீசியர் கட்டியது, அதாவது கொலம்பஸ் அமெரிக்கா போவதற்குப் பத்து வருடம் முன்னால். முதலில் தங்கத்துக்காகத்தான் வந்தார்கள், சுரங்கம் என்ற பொருளில் பெயரே அப்படி வந்ததுதான். 1637-இல் எதிரே இருக்கிற குன்றில் பீரங்கியை ஏற்றி அடித்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1872-இல் ஆங்கிலேயரிடம் கொடுக்கும் வரை அவர்கள் கையில்தான். அந்தக் குன்றின் மேல் இப்போது இருக்கிற சின்னக் கோட்டைக்கும் ஏறிப் பாருங்கள், கீழே கோட்டை, பென்யா கழிமுகம், வண்ணம் தீட்டிய நூற்றுக்கணக்கான படகுகள் எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

எல்மினாவில் என்னை நிறுத்தியது பெண்கள் முற்றம். நான்கு பக்கமும் சுவர், நடுவே நின்று மேலே பார்த்தால் ஆளுநரின் மாடி முகப்பு. அங்கே நின்றபடி அவர் கீழே கூட்டி நிறுத்தப்பட்ட பெண்களில் ஒருத்தியைக் காட்டுவார், அவளைக் கழுவி மேலே அனுப்புவார்கள். மறுத்தவளை முற்றத்தில் ஓர் இரும்புக் குண்டோடு பிணைத்து வெயிலில் விடுவார்கள். அந்தக் குண்டு இன்னும் அங்கேயே கிடக்கிறது. தூக்கிப் பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. யாரும் தூக்கவில்லை. பெண்களை அடைத்த அறைகளில் இன்னும் ஒரு வாடை இருக்கிறது, அது ஈரமா, மனசா என்று நான் விசாரிக்கப் போகவில்லை.

வாசல் பக்கத்து முற்றத்தில் அடுத்தடுத்து இரண்டு சிறைக் கதவுகள். ஒன்றில் கம்பி, காற்று வரும்; தப்புச் செய்த ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு. மற்றதன் மேல் மண்டையோடு செதுக்கியிருக்கிறது. எதிர்த்து நின்ற ஆப்பிரிக்கர்களை உள்ளே தள்ளிப் பூட்டிச் சாகும் வரை திறக்காமல் விட்ட அறை. மேல்மாடியில் டச்சுக்காரர்கள் ஜெபம் செய்த அறையின் வாசலுக்கு மேலே பைபிளின் சங்கீதம் 132-இலிருந்து ஒரு வசனம் எழுதியிருக்கிறது, கர்த்தர் இங்கே தங்கியிருக்கிறார் என்ற பொருளில். அசாந்தி மன்னர் முதலாம் பிரெம்பேவை 1896-இல் ஆங்கிலேயர்கள் பிடித்துக் கொண்டுவந்து வைத்ததும் இதே கோட்டையில்தான். பிறகு செஷல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள், 1924-இல்தான் நாடு திரும்ப விட்டார்கள். கடல் பக்கத்து வாசல் இங்கே வெறும் ஒரு பிளவு, ஒருவர் பின் ஒருவராகத்தான் நுழைய முடியும்.

எது சிறந்தது என்று கட்டாயம் சொல்லச் சொன்னால், ஒன்றுக்குத்தான் நேரம் என்கிறவர்கள் அசின் மான்சோவும் கேப் கோஸ்டும் பாருங்கள், கதை முழுசாக வந்துவிடும். நேரம் இருப்பவர்கள் எல்மினாவை விடாதீர்கள்.

மற்ற விஷயங்கள். வெளிநாட்டவருக்கு டிக்கெட் விலை உள்ளூர்க்காரரைவிடக் கூடுதல், அது நியாயம்தான். மாணவர் அட்டை இருந்தால் காட்டுங்கள். கையில் கானாவின் பணமான சேடியை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், வழிகாட்டிக்கும் ஏதாவது கொடுங்கள், அவர் தினமும் பலமுறை இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோட்டை வாசலில் இளைஞர்கள் உங்கள் பெயரைக் கேட்பார்கள், வெளியே வரும்போது அதே பெயர் எழுதிய சிப்பியை நீட்டி வாங்கச் சொல்வார்கள். உள்ளேயிருந்து வருகிற மனநிலையில் அது எரிச்சலாக இருக்கும். வேண்டாம் என்றால் முதலிலேயே பெயரைச் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு நகருங்கள், கடிந்து பேசாதீர்கள், வேலை கிடைக்காத பிள்ளைகள் அவர்கள். அக்ராவிலிருந்து பஸ்ஸில் வரலாம், அங்கே கனேஷி என்ற இடத்தில் ட்ரோட்ரோ என்கிற பங்கு வேனும் கிடைக்கும், அதில் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். வயிற்றை முன்னாலேயே கவனித்துக்கொள்ளுங்கள், கென்கி என்கிற புளித்த சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் எங்கும் கிடைக்கும். பார்த்து முடித்த உடனே எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நிலவறைச் சரிவும் படிகளும் கஷ்டம், கல் தேய்ந்து வழுக்குகிறது, பிடித்துக்கொள்ள எல்லா இடத்திலும் எதுவும் இல்லை. மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுகிறவர்கள் முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், வெளியே நிற்க விடுவார். பெண்களுக்கு நடந்தவற்றை அவர்கள் பூசி மெழுகாமல் சொல்வார்கள், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் யோசியுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளை நான் கட்டாயம் கூட்டிப் போகச் சொல்வேன். ஆகஸ்ட் 1-ஐ ஒட்டி, அடிமை முறை ஒழிந்ததை நினைவுகூரும் விடுதலை நாள் நிகழ்ச்சிகள் நடக்கும், ஆற்றங்கரையிலும் கோட்டையிலும் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தோடு இருக்க ஆசைப்படுகிறவர்கள் அப்போது போங்கள், தங்குமிடத்தை ரொம்ப முன்னாலேயே பிடித்துவிடுங்கள். தனியாக நின்று பார்க்க வேண்டும் என்கிறவர்கள் வேறு மாதத்தில், வாரநாளில், திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். பள்ளிக்கூடப் பஸ்கள் வருவதற்குள் ஒரு மணி நேரமாவது கிடைக்கும்.